76.2 சென்டிமீட்டர்

"பி.டி. டீச்சர் வெளிநாட்டுல போய் தடை ஓட்டம் ஓடிட்டு வந்தவங்க" என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் பெரிய பிள்ளைகள் முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எவ்வளவு உயரம் தாண்டுனீங்க டீச்சர்?" 76.2 சென்டிமீட்டர் என்றதும் முகம் சப்பென்று ஆகிவிடும். வகுப்பறை மேசை உயரம்தானே!

தடை ஓட்டத்தில் தாண்டுவது சின்ன வேலை. நடுவில் ஓடுவதுதான் பெரிய வேலை. கும்பகோணத்தில் கல்லூரியில் படித்தபோது நான் ஓடியது 100 மீட்டர். பெண்களுக்கு அதில் பத்துத் தடைகள், உயரம் 83.8 சென்டிமீட்டர். கோட்டிலிருந்து 13 மீட்டரில் முதல் தடை, அப்புறம் 8.5 மீட்டருக்கு ஒன்று. நடுவே காலெடுத்து வைப்பது மூன்றே எட்டு. நாலு வைத்தால் அடுத்த தடையில் பழகாத கால் முன்னால் வந்து நிற்கும். ஐந்து வைத்தால் பந்தயமே போச்சு. ஐந்தடி இரண்டங்குல உடம்புக்கு மூன்று எட்டில் 8.5 மீட்டரைப் பிடிப்பது லேசில்லை.

இடது முழங்காலில் இருக்கும் தழும்பு தாண்டத் தெரியாமல் வந்ததில்லை. தடையின் அடிக்கால்கள் ஓடி வருகிறவர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கால் இடித்தால் அது முன்பக்கம் சாயும். கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் ஐந்தாவது தடையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். அது சாயவில்லை, நான் சாய்ந்தேன். இன்றைக்கும் எந்தப் போட்டிக்குப் போனாலும் பாதையில் ஒரு நடை நடந்து அடிக்கால்களைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை நிறுத்துவேன். நடுவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

உடற்கல்விக்கான பி.பி.எட். படிப்பு, கல்யாணம், வேலை எல்லாம் வரிசையாக நடந்தன. வந்து சேர்ந்தது நீடாமங்கலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. டெல்டாவில் ஓட இடம் தேடுவது தனிக்கதை. ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். தை அறுப்பு முடிந்த வயலில் ஓடலாமே என்று கேட்பவர் நிச்சயம் வெளியூர்க்காரர். அறுப்புக்கு முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். கால் வைத்தால் விரட்டக் கம்பு வரும். வழக்கப்படி மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறக்கும் வரை, காய்ந்து கிடக்கும் வெண்ணாற்று மணல்தான் எங்களுக்கு. தொடைக்கு நல்ல பயிற்சி. எட்டுக் கணக்குக்கு மட்டும் ஆகாது, மணலில் எட்டு குறுகிவிடும்.

வயது வாரியாகப் போட்டி நடக்கும் மூத்தோர் தடகளம் என்று ஒன்று இருப்பதே எனக்கு நாற்பதுக்கு அப்புறம்தான் தெரிந்தது. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று போய், 2016 மே மாதம் சிங்கப்பூரில் ஆசியப் போட்டி. விமானச் சீட்டு, நுழைவுக் கட்டணம், பனியன் வரை சொந்தக் காசு. வளையல்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு அடகு போயின. "கப்பல் ஏறிப் போய் விழுந்துட்டு வரணுமாடி?" என்று கேட்டுவிட்டு அம்மா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வயதுப் பெண்களுக்கு 80 மீட்டர், எட்டுத் தடைகள், உயரம் 76.2, இடைவெளி 7 மீட்டர். ஏழே மீட்டர்! கல்லூரியில் இதைக் கொடுத்திருந்தால் பறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மூன்றாவது தடையிலேயே மூச்சு கணக்குக் கேட்டது. பிறகு வேறொரு சுற்றில் ஓடிய ஒரு ஜப்பான் அம்மாவை ஓரமாக நின்று பார்த்தேன். என்னைவிடக் குள்ளம். ஆனால் ஓட்டம் முழுக்க அவர் தலை ஒரே மட்டத்தில் போனது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் ஆறாவது இடம். அந்தத் தலையைப் பார்த்ததற்கே அடகு வைத்தது தகும். இப்போது எங்கள் பள்ளியில் பிள்ளைகளைச் சுற்றுச்சுவர் ஓரமாக ஓடவிட்டு, சுவர் விளிம்புக்கு மேல் தலை ரிப்பன் எவ்வளவு குதிக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

பெண்களின் 400 மீட்டர் தடை ஓட்டத்துக்கும் உயரம் இதே 76.2தான். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 55.42 வினாடியில் ஓடி, ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டது இந்த உயரத்தில்தான். 2023-ல் ஹாங்சோவில் நம் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் அதே 55.42-ஐ எட்டி, இறுதிச் சுற்றில் வெண்கலமும் வாங்கினார். இதைச் சொன்ன பிறகு மேசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆறாம் வகுப்புக்கு இரும்புத் தடை சரிப்படாது, பயந்துவிடும். தரையில் அடித்த இரண்டு மூங்கில் முளை, நடுவே பச்சை வாழைமட்டை, நாரால் தளர்வாக ஒரு சுற்று. கால் பட்டால் கழன்று விழும், வலிக்காது. இடைவெளியை ஐந்து மீட்டரில் தொடங்கி, மூன்று எட்டு தானாக விழ ஆரம்பித்ததும் அரை அடி அரை அடியாகத் தள்ளி நடுவேன். பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. பல நேரம் திரும்பி நின்று சத்தத்தை மட்டும் கேட்பேன். நாலாவது எட்டு விழுந்தால் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டி வருகிறது. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் நன்றாக வருகிறாள், பெயரை இப்போது சொல்ல மாட்டேன், கண் பட்டுவிடும். மூங்கில் முளைக்குத்தான் பஞ்சம், போன மழையில் பாதியைச் செல் அரித்துவிட்டது. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் பந்தல் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கழித்துப் போட்ட மூங்கில் இருந்தால் சொல்லுங்கள், வண்டி வைத்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். வாழைமட்டை வேண்டாம், அது எங்கள் ஊர்க் கொல்லையெல்லாம் கிடக்கிறது.