எரித்த உடல் எழும்பி வராது

விடுதியில் விளக்கணைத்த பிறகு டிராக்குலாக் கதை சொல்லிப் பயமுறுத்திய நண்பர்களே, இன்று உங்கள் பிள்ளைகள் அனிமே என்ற யப்பானியக் கார்ட்டூனில் பார்ப்பதும் அதே இரத்தக் காட்டேரியைத்தான். வழியில் அது நிறைய மாறிவிட்டது.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராக்குலா' நாவல் 1897இல் வந்தது. அதில் இரத்தக் காட்டேரியான டிராக்குலா பிரபு தன் ஊர் மண் நிரப்பிய 50 பெட்டிகளோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறுகிறார். கண்ணாடியில் அவர் உருவம் விழாது. வீட்டார் யாராவது கூப்பிடாமல் முதல் தடவை வாசல் தாண்ட முடியாது. சிலுவைக்கும் உள்ளிப்பூண்டுக்கும் பயம். ஆனால் வெயில் அவரைக் கொல்லாது. லண்டன் வீதியில் பகலிலேயே நடக்கிறார். வெயில் பட்டு அழிவது 1922இல் வந்த 'நொஸ்ஃபெராட்டு' என்ற யேர்மனிய மௌனப்படத்தின் சேர்க்கை. அனிமே பார்த்துவிட்டு நாவலுக்கு வருபவர்கள் தடுமாறும் இடம் இது.

யப்பானிய மொழியில் இந்நாவல் 1956இல் சுருக்கமாகவும் 1971இல் முழுமையாகவும் வெளிவந்தது. அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே என்பதால் சிலுவைக்கு அவ்வளவு வலு இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அநேகமாக எல்லா உடலையும் எரித்துவிடுகிறார்கள். சவக்குழியே இல்லாத இடத்தில் பிணம் எங்கிருந்து எழும்பும்? ஓனோ ஃபுயுமி 1998இல் எழுதிய 'ஷிக்கி' நாவலுக்கு, இன்னும் புதைக்கும் வழக்கம் மாறாத ஒரு மலைக்கிராமத்தைப் படைத்தார். பின்னர் மங்கா எனும் யப்பானியச் சித்திரக்கதையாகி, 2010இல் அனிமேயும் ஆன கதை அது. வாசலில் நிற்கும் அயலவரை 'உள்ளே வாங்கோ' என்று சொல்லாமல் இருக்க எந்தக் கிராமத்தவரால் முடியும்? ஸ்டோக்கரின் விதி இங்கே கொடூரமாக வேலை செய்கிறது.

ஹிரானோ கோத்தாவின் 'ஹெல்சிங்' மங்காவின் நாயகன் பெயர் அலுகார்ட். டிராக்குலாவை ஆங்கில எழுத்தில் பின்னாலிருந்து படித்தால் வரும் பெயர்; 1943ஆம் ஆண்டு ஹொலிவூட் படமொன்றிலேயே இருந்தது. யப்பானிய எழுத்தில் இந்தப் புதிர் தெரியாது. அதனால் ஒலியை மட்டும் கேட்டு 'அருகார்ட்' என்று பெயர்த்தவர்கள் புதிரையே தொலைத்துவிட்டார்கள்.

ஆனாலும் என் மனதில் முதலிடம் ஹகியோ மோட்டோ 1972இல் தொடங்கிய 'போ குலம்' மங்காவுக்குத்தான். எட்கர், அலன் என்ற இரு பையன்கள். பெயர்கள் அமெரிக்கத் திகில் கதாசிரியர் எட்கர் அலன் போவிடமிருந்து வந்தவை. இரத்தம் கிடைக்காத நாளில் ரோஜாவின் சாரமே அவர்களுக்கு ஆகாரம். பயமூட்டும் பிரபுவை விட்டு, வளர முடியாத பிள்ளையின் துயரத்தைப் பிடித்துக்கொண்டார் ஹகியோ. ஸ்டோக்கர் நாவலை நாட்குறிப்பும் கடிதமுமாகக் கட்டியதுபோல், இங்கும் ஓர் அத்தியாயம் கிளென்ஸ்மித் என்பவரின் நாட்குறிப்பிலிருந்து விரிகிறது. இன்னொன்று 1959இல் யேர்மனியில் ஒரு விடுதிப் பள்ளியில் நடக்கிறது. உயரம் கூடாத மாணவன் ஒரே வகுப்பில் எத்தனை காலம் ஒளிந்திருக்கலாம்? சக மாணவர்கள் கவனித்துவிடுவார்கள். அதற்குள் கிளம்பியாக வேண்டும். நம்மைப் போன்றவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த அத்தியாயத்தை.

1976இல் நின்ற தொடரை ஹகியோ 2016இல் மறுபடி வரையத் தொடங்கினார். எட்கருக்கு அப்போதும் வயது 14.