ரவுண்டபவுட் என்று வந்தால்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. அதில் 'ரவுண்டபவுட்' என்ற சொல் எதிர்ப்பட்டால், எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்றுதான் முதலில் பார்ப்பேன். பிரிட்டன்காரர் என்றால் அது ரவுண்டானாவாகவும் இருக்கலாம், பிள்ளைகள் ஏறிச் சுற்றும் குடைராட்டினமாகவும் இருக்கலாம். அமெரிக்கருக்கு ராட்டினம் என்றால் 'மெர்ரி கோ ரவுண்ட்', இல்லாவிட்டால் 'கேரசல்'. ஊஞ்சலில் விட்டதை ராட்டினத்தில் பிடித்ததாக பிரிட்டனில் ஒரு சொலவடை உண்டு. அதை நான் 'அங்கே விட்டதை இங்கே பிடித்தாயிற்று' என்று முடித்துவிடுவேன்.

சாலை விதிக் கையேடுகளில் அப்படிச் சட்டென்று முடிக்க முடியாது. வட்டத்துக்குள் நுழைபவர், ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது பிரிட்டனில் 1966இல்தான் விதியானது. அதற்கு முன் புதிதாக வரும் வண்டிகள் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ள, சுற்றுபவர்கள் வெளியேற வழியில்லாமல் மொத்த வட்டமும் நின்றுபோகும். சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் மோதிக்கொள்ளும் புள்ளிகள் 32 என்பது சாலைப் பொறியாளர்களின் கணக்கு. ஒரே தடம் உள்ள ரவுண்டானாவில் அது 8தான். வேகமும் குறைவு, நேருக்கு நேர் மோதும் வாய்ப்பும் மிகக் குறைவு. இவ்வளவும் அந்த வழிவிடும் வாக்கியத்தை நம்பித்தான் இருக்கிறது. அதனால் அங்கே ஒரு சொல்கூடத் தடுமாறக் கூடாது என்று நினைப்பேன்.

மூலத்தில் பெரும்பாலும் 'வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடுங்கள்' என்றுதான் இருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் வண்டிகள் கடிகாரச் சுற்றில் போவதால் அது சரி. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் சுற்று தலைகீழ். வட்டத்தில் இருப்பவர் இடப்பக்கத்திலிருந்து வருவார். அங்கே ஓட்டப்போகிறவர் அந்த வரியை நம்பினால் ஆபத்து. வேலை கொடுத்தவரிடம் கேட்டு, முடிந்தவரை 'வட்டத்தில் சுற்றி வருபவருக்கு' என்றே எழுதிவிடுகிறேன்.

அப்புறம், பேச்சுக்கும் இதே சொல்லைப் போடுவார்கள். அகராதியைப் பார்த்தால் 'சுற்றி வளைத்து' என்றிருக்கும். வாதத்தில் மழுப்புகிறவருக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு மருத்துவர், நோயாளி இனித் தேறுவது கடினம் என்பதை மகளிடம் அப்படிச் சொன்னார் என்று வந்தால், சுற்றி வளைத்தார் என்று எழுத எனக்கு மனம் வராது. அவர் எதையும் மழுப்பவில்லை, நாசூக்காகச் சொன்னார்.