பினாங்கில் கண்ட இரண்டாம் கரும்பு

பொங்கலுக்கு வாசலில் சாத்திய கரும்பு காய்ந்து, தோகை பழுத்து, "யாராச்சும் அதை எடுத்து மாட்டுக்குப் போடுங்களேன்" என்று அம்மா தினம் ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் பினாங்குக்குக் கிளம்பினேன். 2023 ஜனவரி 27 ராத்திரி சென்னையில் விமானம். கோலாலம்பூரில் இறங்கி, கே.எல். சென்ட்ரலில் ரயில் பிடித்து நாலு மணி நேரத்துக்கு மேல் போனால் பட்டர்வொர்த். அங்கிருந்து கடலைத் தாண்ட ஃபெர்ரி. தீவுக்குப் போகத்தான் டிக்கெட், அப்போது ஒரு வெள்ளியும் சில்லறையும். திரும்பி வர இலவசம். வெள்ளி என்றால் ரிங்கிட். அங்குள்ள தமிழர் யாரும் ரிங்கிட் என்று சொல்லி நான் கேட்கவில்லை. அப்போது ஒரு வெள்ளி நம்மூர்க் காசுக்கு 19 ரூபாய் சொச்சம்.

பெரியம்மா மகளைப் பினாங்கில் கட்டிக்கொடுத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஜெலுத்தோங் பக்கம் அடுக்குமாடியில் பதினோராவது மாடி. "தைப்பூசத்துக்கு வா தம்பி" என்று வருஷா வருஷம் கூப்பிடுவாள். தைப்பூசம் பார்க்க மலேசியா போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் பத்துமலை என்றே எடுத்துக்கொண்டார்கள். 42.7 மீட்டர் முருகன், 272 படி, குகை எல்லாம் அங்கேதான். எனக்கு அக்கா வீட்டில் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும்போது பினாங்கு போதும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் "பசியாற வா" என்று எழுப்பினாள். காலைச் சாப்பாட்டுக்கு அங்கே பசியாறுதல் என்றுதான் பெயர். நாம் 'டிபன்' என்று மாற்றிக்கொண்டோம், அவர்கள் விடவில்லை. ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு ஆங்கிலத் தேதிக்குக் கீழேயும் சீனப் பிறை நாள் அச்சிட்டிருந்தது. குதிரைப் பந்தயம் நடக்கும் நாட்களில் சின்னதாக ஒரு குதிரைப் படம். அந்த மாதத்தில் சிவப்பு மை தாராளம். ஆங்கிலப் புத்தாண்டு ஒன்று. சீனப் புத்தாண்டு 22, 23. இருபத்திரண்டு ஞாயிறாகப் போனதால் ஈடுகட்ட 24 ஒன்று. அடுத்த தாளில் பிப்ரவரி 5 தைப்பூசம். அதுவும் ஞாயிறு என்பதால் 6-ஆம் தேதியும் லீவு. பொங்கல் மட்டும் கறுப்பு மையில் கிடந்தது. "அன்னிக்கு லீவு போட்டுத்தான் பானை வைப்போம்" என்றார் அத்தான். நம்மூரில் பொங்கலுக்கு லீவு கேட்கவே வேண்டாம், தைப்பூசத்துக்குத்தான் 2021 வரை காத்திருந்தோம். இங்கே அப்படியே தலைகீழ்.

சாயங்காலம் லிஃப்ட் முன்னால் ஒரு கூத்து. அடுத்த வீட்டுச் சீனப் பாட்டிம்மா, அக்கா 'ஆன்ட்டி' என்று கூப்பிடும் எழுபது வயதுக்காரர், கரும்போடு நின்றுகொண்டிருந்தார். ரெண்டு முழுக் கரும்பு. வேரோடு, தோகையோடு, என்னைவிட ஒரு மடங்கு உயரம். நேராக வைத்தால் லிஃப்டுக்குள் போகவில்லை, சாய்த்தாலும் தோகை கதவில் மாட்டியது. நுனியை ஒடித்துவிடலாமே என்று நான் கையை வைத்ததும் ஆன்ட்டி போட்ட சத்தத்தில் காவலாளி எழுந்து வந்துவிட்டார். ஒடிக்கக் கூடாதாம். வேரிலிருந்து தோகை வரை முழுசாக இருக்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லித் தரவா வேண்டும்? எங்கள் வீட்டில் நுனி ஒடிந்த கரும்பை வாங்கி வந்ததற்கு அப்பா ஒரு பொங்கல் பூராவும் பேச்சு வாங்கியிருக்கிறார். ஆளுக்கு ஒன்றாகத் தோளில் வைத்து, நானும் அத்தானும் பதினோரு மாடியும் படிக்கட்டில் ஏறினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் கரும்பைக் கைப்பிடிக்கு மேலே தூக்கி, மெல்லத் திருப்பி, சுவரில் உரசாமல் கொண்டுபோக வேண்டும். ஏழாவது மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது வாடை மூக்கில் ஏறியது. பச்சைக் கரும்பின் வாடை. பதினாலு நாளைக்கு முன்னால் வீட்டில் முகர்ந்தது.

அன்று சீன மாதத்தின் எட்டாம் நாள். நள்ளிரவு தாண்டினால் ஒன்பது, வானத்து அரசரான ஜேட் பேரரசரின் பிறந்தநாள். சீனாவின் ஃபுஜியன் பக்கத்திலிருந்து வந்த ஹொக்கியன்காரர்கள் அவரைத் 'தீ கோங்' என்கிறார்கள். பினாங்குச் சீனர்களில் அவர்கள்தான் அதிகம், அதனால் புத்தாண்டைவிட இந்த ராத்திரிக்கு அங்கே மவுசு ஜாஸ்தி. கதையை அத்தான்தான் மொழிபெயர்த்தார். ஒரு காலத்தில் புத்தாண்டு நேரத்தில் எதிரிகள் துரத்த, ஹொக்கியன் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்களாம். ஒன்பதாம் நாள் உயிரோடு வெளியே வந்தார்கள். அன்று தீ கோங்கின் பிறந்தநாளாகவும் இருந்தது. அதிலிருந்து கரும்பு வைத்து நன்றி சொல்கிறார்கள். அவர்கள் பேச்சில் கரும்புக்கும் நன்றிக்கும் ஏறக்குறைய ஒரே ஓசை என்பது கூடுதல் வசதி.

ஆன்ட்டி நடைபாதையிலேயே மேசை போட்டார். மேசைக் கால்களுக்குக் கீழே முக்காலிகளை வைத்து உயர்த்தி, சிவப்புத் துணி விரித்து, ரெண்டு பக்கமும் கரும்பைச் சிவப்பு நாடாவால் கட்டச் சொன்னார். கட்டினேன். கோலமும் பானையும் இல்லாததுதான் குறை. அன்னாசிப்பழம், ரோஜா நிறத்தில் ஆமை வடிவப் பலகாரம், பொன்தாளை மடித்துச் செய்த கூடைகள் எல்லாம் மேசைக்கு வந்தன. எங்களுக்காகவோ என்னவோ, பன்றி வறுவலை மேசையின் அந்தக் கோடியில் தள்ளி வைத்திருந்தார். பதினோரு மணிக்கே அவர்களுக்கு அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. ஊர் முழுக்க ஒரே சமயத்தில் வெடி. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெல்ட் கீ கடற்கரைச் சாலையில், சியூ ஜெட்டி முன்னால் நீளமாக மேசைகள் போட்டுப் பெரிதாக நடக்கும், அங்கேதான் சுற்றுலாக்காரர்கள் கூடுவார்கள் என்றார் அத்தான். எனக்கு அந்த நடைபாதையை விட்டு நகர மனசு வரவில்லை. கடைசியில் கீழே இறங்கி, பொன்தாள் எரியும் நெருப்பில் கரும்பையும் போட்டார்கள். சர்க்கரை கருகும் வாசனை எழுந்தது. கடித்துத் தின்ன வேண்டிய கரும்பை எரிக்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம்தான், சொல்லவில்லை.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஜார்ஜ் டவுன் சுற்றினேன், வெயில் கொளுத்தியது, எல்லாரும் எடுக்கும் சுவரோவியங்களை நானும் படம் எடுத்தேன். குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோவில் 1833-இல் எழுந்தது. அதன் வாசலில் உட்கார்ந்து காலண்டர் கணக்குப் போட்டதுதான் உருப்படியான வேலை.

கணக்கு இதுதான். ஜனவரி 21 நமக்குத் தை அமாவாசை. மறுநாள் அவர்களுக்குப் புத்தாண்டு. பதினைந்தாம் நாள் பௌர்ணமியில் அவர்கள் புத்தாண்டு முடிகிறது, அதே பௌர்ணமியில் நமக்குத் தைப்பூசம். ஆக ரெண்டும் பிப்ரவரி 5-இல். வருஷா வருஷம் இப்படி அமையாது. நம் தை மாதத்தை வைப்பது சூரியன். பௌர்ணமி ஜனவரி நடுவில் வந்தாலும் பிப்ரவரி 12 வாக்கில் வந்தாலும் அது தைக்குள்தான். சீனப் புத்தாண்டோ ஜனவரி 21-க்கு முன்னால் வராது. எனவே அதன் பதினைந்தாம் நாள் பிப்ரவரி 4-க்கு முன்னால் விழ வழியில்லை. தைப் பௌர்ணமி பிப்ரவரி 4-க்கு முந்தாமல் வந்தால்தான் ரெண்டும் சேரும். 2020-லும் பிப்ரவரி 8-இல் சேர்ந்திருக்கிறது. இதை அக்காவிடம் பெருமையாக விளக்கினேன். "அதான் காலண்டர்லயே போட்டிருக்கே" என்றாள்.

பிப்ரவரி 4, சனிக்கிழமை, தேர். பினாங்கில் ரெண்டு தேர். 2017-இல் வந்த தங்கத்தேர் வேலைச் சுமந்து முன்னால் போகிறது. வெள்ளித்தேர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுடையது. பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டில் புறப்பட்டு, ராத்திரி தண்ணீர்மலை அடிவாரத்துச் செட்டியார் கோவிலுக்குப் போய்ச் சேரும். 1894-இல் காரைக்குடியில் செய்து கப்பலேற்றியது. நான் காரைக்குடியிலிருந்து பத்து மைல் தள்ளிப் பிறந்தவன், இதைக் கேட்டதிலிருந்து அந்தத் தேர்மேல் எனக்கு ஒரு பங்காளி உரிமை வந்துவிட்டது. வேலைப்பாட்டைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டுமென்று முண்டியடித்தேன். கூட்டம் பின்னுக்குத் தள்ளியது.

டத்தோ கிராமட் சாலையில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்தவர் ஆன்ட்டி. ஆமாம், அதே ஆன்ட்டிதான். மகனுக்கு அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தால் முப்பது தேங்காய் உடைப்பதாக முருகனிடம் வேண்டியிருந்தாராம். சீனர்கள் தேங்காய் உடைப்பது அங்கே புதுசில்லை. சாலையோரம் மலை மலையாகக் குவித்திருந்த குவியல்களில் பாதிக்கு மேல் சீன வியாபாரிகளும் குடும்பங்களும் போட்டதுபோல் தெரிந்தது. ஒவ்வொரு காயையும் துடைத்து அடுக்கி, மேலே ஊதுவத்தி செருகியிருந்தார்கள்.

தேர் கண்ணுக்குத் தெரிந்ததும் தொண்டர்கள் ஊதல் ஊதிச் சாலையை ஒதுக்கினார்கள். அப்புறம் நடந்ததை மழை என்றுதான் சொல்ல வேண்டும். ரெண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அடிக்கிறார்கள், அடுத்ததை எடுக்கிறார்கள், அடிக்கிறார்கள். தேங்காய்த் தண்ணீர் முழங்கால்வரை தெறிக்கிறது. சாலை வெள்ளையாகிவிட்டது. ஆன்ட்டி வாய்விட்டு எண்ணிக்கொண்டே போட்டார். பதினேழாவது காய் உடையாமல் உருண்டு ஓடியது. அவர் முகம் சுருங்கிவிட்டது. கூட்டத்துக்குள் துரத்திப் போய்ப் பிடித்து வந்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, முழு பலத்தோடு அடித்தார். நாலாகச் சிதறியது. "செட்டில்" ஆனதாக அக்கா காதில் சொன்னாள். அர்த்தம் ஆன்ட்டி முகத்தில் தெரிந்தது.

என் காலருகே பாதி மூடி ஒன்று வந்து விழுந்தது. நல்ல பருப்பு. சிதறுகாய் என்றால் பொறுக்க வேண்டும் என்பது ஐந்து வயதில் கை பழகியது. குனிந்துவிட்டேன். "அண்ணே, குனியாதீங்க!" என்று ஒரு தொண்டர் கத்தியதும், பக்கத்துக் குவியலிலிருந்து ஓடு ஒன்று பறந்து வந்து கெண்டைக்காலைக் கீறியதும் ஒரே நேரம். அங்கே யாரும் பொறுக்குவதில்லை. பின்னால் ஒரு பட்டாளம் மண்வாரியோடு வந்து எல்லாவற்றையும் லாரியில் அள்ளிப் போட்டது. இவ்வளவு தேங்காயும் போகிற இடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கரும்பை எரித்தபோது வந்த அதே வருத்தம், அளவுதான் லட்சம் மடங்கு. ஆன்ட்டி கைப்பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து ஒட்டிவிட்டார்.

விடியற்காலம் மூணு மணிக்குத் தண்ணீர்மலை ஏறினோம். 513 படி. வெயிலுக்கு முன்னால் ஏறினால்தான் வெறுங்கால் தாங்கும். மேலே இருக்கும் கோவில் 2012-இல் குடமுழுக்கு ஆனது, பளபளவென்று இருக்கிறது. வழி நெடுகத் தண்ணீர் பந்தல்கள். வெறுமே மோர் ஊற்றும் பந்தல் அல்ல. ரோஜாச் சாறும் பாலும் கலந்த பண்டுங், மீகூன் என்கிற அரிசிச் சேமியா, கொண்டைக்கடலை என்று நிறுத்தி நிறுத்திக் கொடுக்கிறார்கள். என் புகார் ஒலிபெருக்கி பற்றித்தான். பந்தலுக்குப் பந்தல் வேறு வேறு பாட்டு, நடுவில் நிற்பவனுக்கு எதுவும் பாட்டாகக் கேட்காது. உறுமி மேளம் மட்டும் அதையெல்லாம் கிழித்துக்கொண்டு வந்தது. அலகுக் காவடி எடுத்த ஒரு பையன், இருபது வயதிருக்கும், படி தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டான். கால் நடுங்கியது. உறுமிக்காரர் அவன் எதிரே வந்து, அவன் கண்ணைப் பார்த்து, மெல்ல ஆரம்பித்து வேகம் கூட்டினார். பையன் தலையை ஆட்டினான். ஏறினான். அவன் அம்மா பாற்குடத்தோடு பின்னாலேயே போனார்.

தூங்கி எழுந்தபோது மாலை ஆகியிருந்தது. அன்றுதான் 'சாப் கோ மே', சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் ராத்திரி. கல்யாணமாகாத பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டிக் கடலில் ஆரஞ்சுப் பழம் எறியும் நாள். முன்பு வேண்டுதலோடு சரி, இப்போது பழத்தின்மேல் போன் நம்பரையும் எழுதிவிடுகிறார்கள். கடலோரத் தடுப்புச் சுவரில் நாலைந்து பெண்கள் சிரித்துக்கொண்டே எறிந்தார்கள். கூட்டத்தில் நெற்றியில் திருநீறு அழியாத ஒருத்தியும் இருந்தாள். மேலே அதே பௌர்ணமி. ஆன்ட்டி அக்காவிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் கேட்கவில்லை.

திங்கள் காலை அக்கா ஃபெர்ரித் துறை வரை வழியனுப்ப வந்தாள். டிக்கெட் கேட்கவில்லை. படகு கட்டும் தூணருகே தண்ணீரில் ஒரு ஆரஞ்சு மிதந்துகொண்டிருந்தது. மையில் எழுதிய நம்பர், பாதி கரைந்திருந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏழு இலக்கம் தெரியுதுடா. மிச்சத்தை நீ போட்டுப் பாரு."