பாலத்தடி நாட்குறிப்பு

மே 6
தகைவிலான் பறவைகள் வந்துவிட்டன. குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில் கழித்துவிட்டு, அமெரிக்காவின் மேற்கு நெப்ராஸ்காவில் உள்ள இந்தச் சின்னப் பாலத்துக்கு. நெற்றியில் வெள்ளைப் பட்டை, வாலுக்கு மேலே வெளிர் ஆரஞ்சு. கிளிஃப் ஸ்வாலோ. நான் பாறைத் தகைவிலான் என்று எழுதிக்கொள்கிறேன். பாறை பழைய முகவரி. இப்போது அதிகமும் பாலத்தடியில்தான் குடித்தனம்.

மே 13
ஓடைக்கரைச் சேற்றில் நாற்பது ஐம்பது பறவைகள். எல்லாம் சிறகை முதுகுக்கு மேலே தூக்கிப் படபடவென்று அடித்தபடியே மண்ணைக் கொத்துகின்றன. சிறகை மடக்கி நின்றால் வேற்று ஆண் முதுகில் ஏறிவிடும், அதற்குத்தான் இந்தப் படபடப்பு என்கிறார்கள். ஒரு நடைக்கு ஓர் உருண்டை. ஒரு கூட்டுக்கு 900 முதல் 1,200 உருண்டை! கொஞ்சம் கட்டுவது, காயவிடுவது, அப்புறம் அடுத்த வரி. நம் ஊரில் மண்சுவர் வைப்பதும் இப்படித்தானே. முடிந்த கூடு, கழுத்துள்ள சுரைக்குடுக்கையை ஒட்டவைத்தது மாதிரி இருக்கிறது. ஒன்று மட்டும் ஓடைக்கே போகவில்லை; பக்கத்து வீட்டு ஈரச்சுவரிலிருந்தே மண்ணைப் பிய்த்தது.

மே 24
மழை, குளிர். பூச்சி பறக்கவில்லை என்றால் இவற்றுக்குப் பட்டினி. 1996 மே மாதக் குளிரில் இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் செத்தன. பிழைத்தவை பெரும்பாலும் பெரிய உடம்புக்காரர்கள்.

ஜூன் 8
தூணடியில் உடைந்த முட்டை, வெள்ளையில் பழுப்புப் புள்ளி. யாருடையது என்று சொல்வது கஷ்டம். சில பெண் பறவைகள் பக்கத்துக் கூட்டில் முட்டையிட்டுவிட்டு வந்துவிடும். சில, தன் முட்டையை அலகில் கவ்விக்கொண்டு போயே வைத்துவிடும். சிட்டுக்குருவியின் வேலையாகவும் இருக்கலாம், மூன்று கூடுகளை அது பிடித்துவிட்டது. ஊரில் அதற்காகக் கவலைப்படுகிறோம். இங்கே அதுதான் அடாவடி.

ஜூன் 20
சாலையோரம் செத்துக் கிடந்தது ஒன்று. 1982 முதல் இந்த வட்டாரத்தில் இந்தப் பறவையை ஆராய்ந்த சார்லஸ் பிரவுனும் மேரி பிரவுனும் இப்படி வண்டியில் அடிபட்டவற்றையும் அளந்தார்கள். 2013இல் வெளியிட்ட முடிவு: அடிபட்டவற்றின் சிறகு மற்றவற்றைவிட நீளம், அடிபடுவதும் வருஷத்துக்கு வருஷம் குறைந்திருக்கிறது. குட்டைச் சிறகு சட்டென்று மேலெழும்ப உதவுகிறதாம். இன்று கிடந்ததை அளக்க என்னிடம் ஸ்கேல் இல்லை.

ஆகஸ்ட் 2
பாலத்தடி வெறிச்சோடிவிட்டது. டார்ச் அடித்து ஒரு கூட்டைப் பார்த்தேன். வாசலில் பழுப்பாக ஏதோ நெளிந்தது. மூட்டைப்பூச்சியின் பங்காளி, இந்தப் பறவையின் ரத்தம் குடிப்பது. காலிக் கூட்டிலேயே பட்டினி கிடந்து, அடுத்த வருஷம் வரும் வாடகைக்காரருக்காகக் காத்திருக்கும். வீட்டுக்கு வந்து சட்டையை இரண்டு தடவை உதறினேன்.