மறுப்புரைகளையும் காக்க வேண்டிய காப்பகம்

பல்கலைக்கழகத் தத்துவ மையம் ஒன்றில் ஆய்வு நிர்வாகமும் ஆவணக் காப்பும் ஒரே மேசைக்கு வந்தாலும், அவற்றை வெவ்வேறு வேலைகளாகக் கருதுவதே வழக்கமாக இருக்கிறது. ஆய்வாளர் பதிவு, நெறியாளர் ஒதுக்கீடு, நல்கைக் கணக்கு, பயன்பாட்டுச் சான்றிதழ், வாய்மொழித் தேர்வு ஏற்பாடு ஆகியவை முதல் வேலையைச் சேர்ந்தவை. அவையெல்லாம் முடிந்தபின் மிஞ்சும் தாள்களைக் கட்டி மாடியறைக்கு அனுப்புவதே இரண்டாவது வேலை என்று எண்ணிவிடுகிறோம். சென்னையில் அப்படியொரு மையத்தில் இரண்டையும் கவனித்து வருபவள் என்ற முறையில், தத்துவத்தைப் பொறுத்தவரை இவை பிரிக்க முடியாத ஒரே பணி என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு வாதம் எந்தெந்த ஆட்சேபங்களைச் சந்தித்துத் தன் இறுதி வடிவத்தை அடைந்தது என்பதை அச்சான பக்கங்களைவிட அவற்றுக்கு முந்தைய தாள்களே தெளிவாகக் காட்டுகின்றன.

நம் மரபு இதை நன்றாகவே அறிந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில், சைவ சித்தாந்தத்தை நிறுவும் சுபக்கத்துக்கு முன்னால், பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கம் இருக்கிறது. பொருள்முதல்வாதிகளான உலகாயதர் தொடங்கி ஒவ்வொரு தரப்பின் கொள்கையையும் முதலில் எடுத்துரைத்துவிட்டே ஆசிரியர் மறுக்கிறார். குண்டலகேசியின் கதை இன்னும் அழுத்தமான சான்று. அந்தப் பௌத்த காப்பியம் முழுமையாகக் கிடைக்கவில்லை, சில பாடல்களே எஞ்சியுள்ளன. அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியும் அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையும் இல்லாவிட்டால், அதன் வாதங்களை இன்று நாம் அறிந்திருக்கும் அளவுகூட அறிந்திருக்க மாட்டோம். எதிர்த்தவர்களே எதிர்தரப்பைக் காப்பாற்றித் தந்த இந்த முறையை ஒரு தத்துவ மையத்தின் ஆவணக் கொள்கைக்கே அடிப்படையாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

இந்த நகரத்துக்கு அதற்கான முன்மாதிரிகள் உண்டு. 1964இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் டி.எம்.பி. மகாதேவன் தலைமையில் தத்துவ உயராய்வு மையம் அமைந்தது. பின்னர் அது ராதாகிருஷ்ணன் பெயரைப் பெற்றது. அதற்கும் முன்பே, வடமொழிச் சுவடிகள் எங்கெங்கு உள்ளன என்று தொகுக்கும் ‘நியூ கேட்டலாகஸ் கேட்டலாகோரம்’ பணி அதே பல்கலைக்கழகத்தில் 1935இல் தொடங்கியிருந்தது. அதன் முதல் தொகுதி 1949இல் வெளிவந்தது. முதல் தொகுதிக்கே அத்தனை ஆண்டுகள் பிடிக்கும் பணியைத் தொடங்கியவர்களே முடித்து வைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பின்னால் வருபவர் தொடர வேண்டுமானால், பட்டியலோடு சேர்த்து, எதை எந்த விதிப்படி சேர்த்தார்கள், எதை ஏன் விட்டார்கள் என்ற குறிப்பும் அவர் கைக்கு வந்தாக வேண்டும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் வீட்டிலிருந்து வந்த பெட்டியில் ஓர் ஆய்வேட்டின் தட்டச்சுப் படிகள் இரண்டு, கார்பன் நகல்களாக, ஒரே டேக் கயிற்றில் கோக்கப்பட்டிருந்தன. முதல் படியில் சற்காரியவாதம் பற்றிய ஒரு பத்தியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. இரண்டாவது படியில் அந்தப் பத்தி ஒரு தனி இயலாகவே வளர்ந்திருக்கிறது: காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்று சாங்கியம் சொல்வதற்கும் சைவ சித்தாந்தம் சொல்வதற்கும் எங்கே வேறுபாடு வருகிறது என்று ஆய்வாளர் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறார். அந்த டேகை அவிழ்த்து, ‘ஆய்வேடுகள்’ என்ற அலமாரியில் இறுதிப் படியை மட்டும் வைத்து, மற்றதைப் பழைய தாளோடு போட்டிருந்தால் அந்தக் கேள்வி எழுந்ததற்கான தடயமே இல்லாமல் போயிருக்கும். ஆகவே ஒரு பெட்டி வந்ததும், யாரிடமிருந்து எந்த நிலையில் வந்தது என்று சேர்க்கைப் பதிவேட்டில் எழுதி, இருந்த வரிசையிலேயே படமெடுத்து, ஒவ்வொரு தாளின் மூலையிலும் மென்மையான பென்சிலால் எண் இட்ட பிறகே குண்டூசியையும் ஜெம் கிளிப்பையும் கழற்றுகிறோம். அவற்றை நீக்காமலும் இருக்க முடியாது. இந்த ஊரின் கடற்காற்றில் துருப்பிடித்து அவை தாளையே தின்றுவிடும்.

பூச்சி, கரையான், ஈரம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: பகலில் ஏசியைப் போட்டு இரவில் அணைத்துவிடும் அறையைவிட, ஏசியே இல்லாத, நல்ல காற்றோட்டமுள்ள அறை தாளுக்குப் பாதுகாப்பானதாக இருக்கலாம். வெப்பமும் ஈரப்பதமும் நாள்தோறும் ஏறி இறங்குவது தாளைத் தளர்த்துகிறது.

கணினிக் கோப்புகள் தரும் கவலை இதைவிடப் பெரியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி, தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன. பாமினி போன்ற எழுத்துருக்களும் பரவலாகப் புழங்கின. அந்தக் காலத்தில் தட்டச்சான கோப்பை இன்று திறந்தால், உரிய எழுத்துரு இல்லாதபோது பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய படியைத் தனியே சேர்த்து, எந்த எழுத்துருவிலிருந்து மாற்றினோம் என்று குறித்துவைப்பதை யாரும் ஆராய்ச்சியாகக் கணக்கிடுவதில்லை. ஆனால் அதைச் செய்யாவிட்டால் பிறகு ஆராய்ச்சிக்கு இடமே இருக்காது.

முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் அளிக்க வேண்டும் என்று மானியக் குழு 2009இல் விதித்தது பெரிய நன்மை. அவற்றை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டும் ‘சோத்கங்கா’ இணையதளத்தில் எங்கிருந்தும் படிக்கலாம். இருப்பினும் அங்கே போய்ச் சேருவது முடிந்த ஆய்வேடு மட்டுமே. ஆய்வுக் குழுக் கூட்டங்களில் எழுந்த கேள்விகளும் வாய்மொழித் தேர்வில் தரப்பட்ட விடைகளும் மையத்தில்தான் தங்குகின்றன. இவற்றை ஆய்வாளரின் பதிவு எண்ணிலேயே ஒரு தனிக் கோப்பாகத் தொடங்கி, ஆண்டுதோறும் கூட்டம் முடிந்த அன்றே சேர்த்து வருகிறோம். புறத்தேர்வாளரின் அறிக்கையும் அதில் இருக்கும். ஆனால் உரியவர்கள் எழுத்தில் இசைவு தராத வரை அது மூடிய உறையிலேயே இருக்கும். அதை வாசிக்க வேண்டும் என்று கேட்டு வருபவருக்கு, அப்படியோர் அறிக்கை இருக்கிறது என்பதையும் அது ஏன் இப்போது திறக்கப்படவில்லை என்பதையும் பட்டியலே தெரிவித்துவிடுகிறது.