பேடா நிறம்

ஆற்காட்டில் மக்கன் பேடா விற்கும் கடை ஒன்றுக்கு இணையப் பக்கம் செய்கிறேன். நேற்று கடைக்காரர் போனில், "தம்பி, இந்தப் பழுப்பு பேடா மாதிரி இல்ல, அடிபிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். முன்பெல்லாம் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் முழுக்கத் தேடித் தேடி மாற்றுவேன். இப்போது ரூட்டில், அதாவது பக்கம் முழுமைக்கும் பொதுவான இடத்தில், ஒரே ஒரு கஸ்டம் ப்ராப்பர்ட்டி. இரண்டு சிறுகோடு போட்டு ஒரு பெயர், அதற்கு ஒரு நிறம். வேண்டிய இடத்தில் வார், அதாவது var(), போட்டு அந்தப் பெயரைக் கூப்பிட்டால் போதும். காட்பாடியில் டீ ஆறுவதற்குள் அந்த வரியைப் புதிதாகத் தட்டிவிட்டேன்.

பார்த்தால், பட்டன்களின் பின்னணியே காணோம்! வேலூர் வெயிலே பரவாயில்லை, அரை மணி நேரம் மண்டை காய்ந்தது. அவசரத்தில் பெயரின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்திருக்கிறேன். இதில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. பிரவுசரும் பிழை என்று வாயைத் திறக்காது. பாதுகாப்புக்காக முந்தைய வரியில் எழுதிய நிறத்துக்கும் திரும்பாது, பின்னணியை வெறுமையாக விட்டுவிடும். வாருக்குள்ளேயே காற்புள்ளி போட்டு மாற்று நிறம் கொடுத்திருக்க வேண்டும். சரி, இப்போது கொடுத்துவிட்டேன்.

புது நிறத்தை அனுப்பினேன். "இன்னும் கொஞ்சம் ஜீராவுல ஊறணும் தம்பி" என்கிறார்.