பாலிதீன் பைக்கு பயந்த நாள்

நான் வேலை பார்க்கும் லாயத்துக்கு வந்தபோது அவனுக்கு 18 வயது. போலீஸ் குதிரை. முன்னங்கால் மூட்டு தேய்ந்துபோனதால் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25, 30 வயதுவரைகூட இருக்கும். அத்தனை வருஷம் இவன் என்ன செய்வான்?

முதல் நாளே புல்வெளியில் அவிழ்த்துவிட முடியாது. உலர்ந்த புல்லும் அளந்து போட்ட தீவனமும் தின்று பழகிய வயிறு. திடீரென்று பச்சைப் புல்லை மூக்குமுட்ட மேய்ந்தால் வயிற்றுவலி வரும், குளம்புக்குள் அழற்சிகூட வரலாம். அரை மணி, அப்புறம் ஒரு மணி என்று மெதுவாகத்தான் கூட்டினேன். லாடத்தையும் கழற்றியாயிற்று.

புல்லுக்குப் பழகிவிட்டான். சும்மா இருக்கத்தான் வரவில்லை. காலை ஆறு மணிக்கு கேட்டருகே வந்து, சேணம் போட வாகாக இடது பக்கத்தைக் காட்டி நிற்பான். மற்ற குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும். நான் போய் பிரஷ் போட்டு, முதுகில் தட்டி, "டியூட்டி முடிஞ்சுது, போ" என்றால்தான் நகர்வான்.

குதிரை ஓடிப் பிழைத்த பிராணி. புரியாத எதைப் பார்த்தாலும் முதலில் ஓட்டம், அப்புறம்தான் யோசனை. கொடி, புகை, கூச்சல் என்று காட்டிக் காட்டி அந்த ஓட்டத்தைத்தான் போலீஸ் பயிற்சியில் அடக்குகிறார்கள். 1944இல் லண்டனில் டூட்டிங் பகுதியில் பறக்கும் குண்டு விழுந்தபோது, ஓல்கா என்ற போலீஸ் குதிரையின் முன்னால் பெரிய கண்ணாடி ஜன்னல் நொறுங்கி விழுந்தது. நூறு கெஜம் ஓடிய ஓல்கா, திரும்பி வந்து போக்குவரத்தைச் சரிசெய்யும் வேலையில் நின்றது. 1947இல் அதற்கு, போர்க்கால வீரத்துக்காக விலங்குகளுக்குத் தரும் டிக்கின் பதக்கம் கொடுத்தார்கள். திரும்பி வந்ததற்காகத்தான் பதக்கம். எனக்கென்னவோ அந்த நூறு கெஜத்தின் மேல்தான் பிரியம்.

எங்கள் ஆள் அந்த நூறு கெஜம்கூட ஓடமாட்டான். இடி இடித்தால் மற்றதெல்லாம் சிதறும்; இவன் மட்டும் நடுவில் சிலைபோல நிற்பான். நின்றபடி கண்ணயர்வானே தவிர, படுத்துத் தூங்கிப் பார்த்ததில்லை. படுத்தால்தான் குதிரைக்கு ஆழ்ந்த தூக்கம். காவலுக்குத் துணை இருக்கிறது என்ற நம்பிக்கை வந்தால்தான் படுக்கும். ஒரு கிழட்டுப் பெண் குதிரையோடு சேர்த்துவிட்டோம். மூன்றாம் மாதம் ஒரு காலையில் அவன் விலா முழுக்க மண். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் வேலிக் கம்பியில் ஒரு பாலிதீன் பை மாட்டிப் படபடத்தது. அவள் மிரண்டு ஓடினாள். இவன் அவளைப் பார்த்தான், பையைப் பார்த்தான், வாலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்! அந்தத் தேய்ந்த மூட்டோடு.

சாயங்காலம் வலி மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று.